தற்காலிக அடைப்பும் தவணை நாளும்

இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவினார். இன்று அவர் பெயரைத் தாங்கி ஸியால்டா அருகே விளங்கும் அக்கல்லூரி மருத்துவமனையை அடைய, ஹவுராவின் சணல் ஆலைத் தொழிலாளர் ஹூக்ளி நதியைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலியை விழுங்கவல்லது. பல்லின் வேர்ச் சிகிச்சையோ பல வேளைகளில் ஒரே நாளில் முடிவதன்று. இடைநாட்களில் பல்லைக் காப்பது தற்காலிக அடைப்பேயாகும்.

நரம்பு நீக்கப்பெற்ற பல் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலின், நோய் தீர்ந்தது என எண்ணிப் பலர் திரும்புவதில்லை. அடைப்புத் தேய்ந்ததும், தூய்மை செய்த வேர்க்குழாயினுள் உமிழ்நீரோடு கிருமிகள் மீண்டும் புகும். வீக்கம் தோன்றும் வரை எச்சரிக்கை ஏதும் இராமற்போகலாம்.

அடைக்கும் பொருள்களுள் மூன்றை ஒப்பிடுவோம். துத்தநாக ஆக்ஸைடைக் கிராம்புத் தைலத்தின் சாரமாகிய யூஜினாலுடன் குழைத்த பசை மலிவானது, வலியைத் தணிப்பது, கிருமிகளையும் அடக்குவது. ஆயினும் மெல்லும்போது தேயும். பின்னர் வைக்கும் ரெஸின் அடைப்பு இறுகுவதற்கும் யூஜினால் இடையூறாகும். கேவிட் போன்ற ஆயத்தப் பசை வாயின் ஈரத்தாலேயே இறுகி, சற்று விரிந்து, விளிம்புகளை நன்கு மூடும். ஆனால் மூன்றரை மில்லிமீட்டர் கனமேனும் வேண்டும். வலிமை குறைவாதலின் ஓரிரு வாரங்களுக்கே ஏற்றது. 1972இல் வில்சன், கென்ட் என்னும் ஆங்கில அறிஞர்கள் அறிவித்த கிளாஸ் அயனோமர் சிமென்ட் பல்லுடன் இரசாயன முறையிற் பிணைவது, ஃபுளோரைடையும் வெளியிடுவது. விலை மிகுதி; அகற்றுதலும் எளிதன்று. எனினும் நெடுநாள் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது.

இவற்றுள் எது சிறந்தது என வினவுவதினும், நோயாளி என்று திரும்பி வரக்கூடும் என வினவுதலே முறை. ஒரு வாரத்தில் வருபவருக்குக் கேவிட் போதும். எளிதில் விடுப்புப் பெற இயலாத ஆலைத் தொழிலாளிக்கு அயனோமருக்காகும் செலவு வீணன்று. பல்லையே இழப்பதைக் காட்டிலும் அது சிறிதே.

தற்காலிகம் என்னும் சொல் எத்தனை நாள் என்று கூறுவதில்லை. ஆகவே, வைத்த பொருளின் பெயரும் திரும்ப வேண்டிய கடைசி நாளும் நோயாளியின் தாய்மொழியிலேயே சீட்டில் எழுதப்பெறல் வேண்டும் என்பது எமது கருத்து. அந்நாளை நினைவூட்டுதல் களப்பணியாளர் கடமை. வலி நின்றதால் சிகிச்சை முடிந்ததாகாது என்பதையும், அடைப்பு உதிர்ந்தால் தவணை நாளுக்குக் காத்திராது உடனே செல்ல வேண்டும் என்பதையும் மாணவர் வாயிலாக இல்லந்தோறும் பரப்புதல் ஆசிரியர்களால் இயலும்.