பழைய மடிக்கணினியை வீசிவிடாதீர்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளை என்ன செய்வது? புதியது வாங்கித் தரும்படி பெற்றோரைக் கேட்பதற்கு முன், லினக்ஸ் நிறுவக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

அது நமக்கு எட்டாத வித்தை அன்று. 1991-இல் அதைத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயது 21. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர்.

நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட். அதற்கு 2 ஜிபி நினைவகம் போதும். 4 ஜிபி இருந்தால் நல்லது. இலவசமாகப் பதிவிறக்கி, பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே தொடக்கினால், நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். நிறுவும்போது வட்டை முழுவதும் அழிக்கும் தெரிவும் வரும். எனவே பாடக் குறிப்புகளையும் படங்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

கட்டுரை எழுத லிப்ரெஆபிஸ் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், சில விண்டோஸ் மென்பொருள்கள் இதில் இயங்கா. உங்கள் பாடத்துக்கு அவை தேவையா என்று முதலில் விசாரியுங்கள்.

எனக்குப் பணம் மிச்சமானது உண்மைதான். அதைவிடப் பெரிது, கணினி எங்கிருந்து தொடங்குகிறது, வட்டு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதையெல்லாம் என் கையாலேயே செய்து அறிந்தது. பள்ளியில் கணினியைப் பயன்படுத்தக் கற்றோம். அதைப் புரிந்துகொள்ள இது நல்ல வழி. வரும் விடுமுறையில் ஒருநாளை இதற்கு ஒதுக்குங்கள்.