பாடம் நடத்துவோர் கூடிப் பாடம் எழுதட்டும்: ஆசிரியர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், எங்கள் மாணவர்களின் பெற்றோருக்கும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களாகிய நாங்கள் முன்வைக்கும் சாசனம் இது.

ஏன் இக்கோரிக்கை?

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானது. கொள்கை மாறினால் கலைத்திட்டமும் பாடநூல்களும் மாறியாக வேண்டும். அந்த மாற்றத்தை வரவேற்கிறோம். அதை யார் கூடிச் செய்வது, எவ்வளவு காலம் எடுத்துச் செய்வது என்பதில்தான் எங்கள் கவலை இருக்கிறது.

2017இல் தொடங்கிய பாடத்திட்டத் திருத்தத்தில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு 2018-19 கல்வியாண்டிலேயே புதிய நூல்கள் வந்துவிட்டன. அவற்றை எழுதியவர்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயரும் அச்சானது. அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் நூல் அச்சுக்குப் போனதும் எழுதியவர்கள் அவரவர் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். அந்நூலை ஆண்டுதோறும் நடத்தும் ஆயிரக்கணக்கானோர், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், எந்தச் செயல்பாடு நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் முடிவதே இல்லை என்று கூடிப் பேசவும் எழுதவும் நிலையான இடம் ஒன்று அமையவில்லை.

ஆசிரியர்களால் முடியும் என்பதற்குச் சான்று இங்கேயே உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துவந்த ஆசிரியர்களே கற்றல் அட்டைகளை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. எல்லாப் பள்ளிகளுக்கும் அட்டைகள் போய்ச் சேர்ந்தன; அட்டையை உருவாக்கும் வேலையில் மற்ற ஆசிரியர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பங்கு கிடைத்த முன்மாதிரியும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. 1978இல் மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் கண்டதைப் பேசினார்கள். அவர்கள் சொன்னதை வைத்துப் பாடநூல் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதப்பட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் அரசு நிறுத்திவிட்டது. எனவே கூட்டுப்பணி நடந்தால் மட்டும் போதாது, அது விதியாக வேண்டும் என்று கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. வேலை நேரத்துக்குள் ஒரு நாள். வாரத்துக்கு 45 மணி நேரப் பணியில் கற்பித்தலோடு முன்தயாரிப்பும் அடங்கும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. அந்த நேரத்தை எமிஸ் என்னும் கல்வித் தரவுத் தளத்தில் செய்யும் பதிவேற்றமும் விலையில்லாப் பொருட்களின் கணக்கும் விழுங்கிவிடுகின்றன. மாதத்தில் ஒரு முழு வேலைநாளை, அருகிலுள்ள பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் பாட வடிவமைப்புக்கென்றே ஒதுக்க வேண்டும். அன்றைய நிகழ்ச்சிநிரலை ஆசிரியர்களே முடிவு செய்ய வேண்டும். சுற்றறிக்கை வாசிப்பதற்கும் காணொளி பார்ப்பதற்கும் அந்நாளைப் பயன்படுத்தக் கூடாது.

2. மாவட்டந்தோறும் நிலையான பாடக்குழு. ஒவ்வொரு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலும் பாடவாரியாகக் குழு அமைய வேண்டும். ஆசிரியர்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் மூன்றாண்டு பொறுப்பில் இருக்க வேண்டும். ஐந்து வகுப்புகளை இரண்டே பேர் பார்த்துக்கொள்ளும் ஈராசிரியர் பள்ளிகள், மலைப்பகுதிப் பள்ளிகள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்களுக்கும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று எண்ணி எழுதும் பாடம், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அமரும் பள்ளியில் நடப்பதில்லை. அதை அங்கே பணிபுரிகிறவரே சொல்ல முடியும்.

3. அச்சுக்கு முன் ஓராண்டு முன்னோட்டம். எந்தப் புதிய பாடமும் ஊர், நகர், கடலோரம், மலை எனப் பலவகைப் பள்ளிகளில் ஓராண்டு நடத்திப் பார்க்கப்பட வேண்டும். நடத்திய ஆசிரியர் எழுதும் வகுப்பறைக் குறிப்பு, பாட வல்லுநரின் மதிப்புரைக்கு நிகரான எடையோடு நூலாசிரியர் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். கல்லூரிப் பேராசிரியர்களின் துணை எங்களுக்குத் தேவை. கருத்துப் பிழையை அவர்கள் களைவார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அக்கருத்து எட்டுகிறதா என்பதை நாங்கள் சொல்வோம்.

4. சொன்ன கருத்துக்குப் பதில். ஆசிரியர்கள் அனுப்பும் திருத்தங்களில் எவை ஏற்கப்பட்டன, எவை ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மறுபதிப்புக்கு முன்பே இது நடக்க வேண்டும்.

5. வட்டாரப் பாடங்களுக்கு இடம். 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் கற்றல் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை அந்தந்த வட்டார ஆசிரியர்கள் உருவாக்கும் பாடங்களுக்கு விட வேண்டும். நீர் மேலாண்மையை ராமநாதபுரத்துப் பிள்ளைகள் கண்மாயிலும், தஞ்சாவூர்ப் பிள்ளைகள் ஆற்றுப் பாசனத்திலும் தொடங்கிப் படிக்கலாம். ஓசூர்ப் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குழந்தைகளுக்கும், நீலகிரியில் இருளர் குழந்தைகளுக்கும் தமிழ் வாசிப்பைத் தொடங்கிவைக்கத் தனித் துணைப்பாடங்கள் வேண்டும். எல்லோரும் அடைய வேண்டிய கற்றல் விளைவு மாநிலம் முழுதும் ஒன்றே. மாநிலப் பொதுப் பாடத்திட்டமான சமச்சீர் கல்வி பெற்றுத்தந்த சமத்துவத்தில் நாங்கள் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

6. பாடமும் தேர்வும் சேர்ந்தே எழுதப்படட்டும். சிந்திக்கச் சொல்லும் பாடத்தை எழுதிவிட்டு, பாடப் பின்பக்க வினாக்களையே தேர்வில் கேட்டால் வகுப்பறையில் மனப்பாடமே மிஞ்சும். பாடம் வடிவமைக்கும் குழுவே அதற்கான மாதிரி வினாக்களையும் மதிப்பீட்டு முறையையும் உருவாக்க வேண்டும்.

7. உழைப்புக்கு அங்கீகாரம், கருத்துக்குப் பாதுகாப்பு. பாட வடிவமைப்பு நாட்கள் பணிநாட்களாகக் கருதப்பட வேண்டும். பயணப்படி தரப்பட வேண்டும். பங்களிப்பு பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும். ஆசிரியர் வெளியே செல்லும் நாளில் வகுப்பு காலியாக இராதபடி மாற்று ஆசிரியர் வேண்டும். பாடநூலைக் காரணத்தோடு விமர்சிப்பவர்மீது ஒழுங்கு நடவடிக்கை கூடாது.

8. இவை அனைத்துக்கும் அரசாணை. நூல் எழுதும் பணியில் முதல் வரைவு தயாராகும் முன்பே, மேற்கண்டவற்றை உறுதி செய்யும் அரசாணை வெளியாக வேண்டும். அடுத்து இவை விதிகளாகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

இவை புதுமையான ஆசைகள் அல்ல. புதிய பாடங்களையும் பாடநூல்களையும் உருவாக்குவதில் ஆசிரியர்களும் அவர்களின் அமைப்புகளும் பங்கேற்க வேண்டும் என்று யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1966 அக்டோபர் 5 அன்றே பரிந்துரைத்தன. அந்நாளைத்தான் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

நாங்கள் ஏற்கும் பொறுப்பு

உரிமை கேட்கும் நாங்கள் கடமையையும் எழுதித் தருகிறோம். உருவாக்கும் பாடத்தை முதலில் எங்கள் வகுப்பில் நடத்திக் காட்டுவோம். சக ஆசிரியர் வந்து அமர்ந்து பார்க்க எங்கள் வகுப்பறைக் கதவைத் திறந்துவைப்போம். அவர் காணும் குறையைக் கேட்டுத் திருத்துவோம். பிள்ளைகள் கற்கவில்லை என்று தெரிந்தால், நாங்கள் எழுதிய பாடமானாலும் அதைக் கைவிடுவோம். எங்கள் பாடங்களை விலையின்றி எல்லாப் பள்ளிகளுக்கும் தருவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இச்சாசனத்தை வாசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பாடத்தை அவருக்குக் கற்பிப்பவரும் சேர்ந்து எழுத வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றினால், அதைத் தீர்மானமாக நிறைவேற்றிப் பள்ளிக் கல்வித் துறைக்கு அனுப்புங்கள்.