போல்ட் கழன்றதற்கு ஆர் பொறுப்பு?



2023 யூலை 24 பின்னேரம் ஸ்காபரோ ஆர்டியின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே தடம்புரண்டது. 5 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்ல காலம், உயிர் போகவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஓகஸ்ட் 24, இனி அந்த ரயில் ஓடாது என்று ரிரிசி அறிவித்தது. நவம்பரில் மூடுவதாக இருந்த பாதைதான். நாலு மாதம் முந்தியே முடிந்துபோனது. அதற்குப் பிறகு கென்னடியிலிருந்து ஸ்காபரோ சென்ரருக்குப் போக பஸ்தான்.

காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். தண்டவாளங்களுக்கு நடுவில் ரயிலை நகர்த்த உதவுகிற உலோகத் தகடு ஒன்று போகிறது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தளர, தகடு மேலெழும்பி ரயிலின் அடியில் இடித்தது. பொறியியலாளர்களின் பதில் அது, அதில் குறை இல்லை. ஆனால் 1985இல் தொடங்கிய ரயில் தன் ஆயுளையும் தாண்டி 38 ஆண்டுக்குப் பிறகும் ஏன் எங்கட சனத்தை ஏற்றிக்கொண்டு ஓடியது? இதற்குப் போல்ட் பதில் சொல்லாது.

பதில் 2012இல் இருக்கிறது. அந்த ஆண்டு நகரமும் ரிரிசியும் மெட்ரோலிங்ஸும் ஒப்பந்தம் போட்டன: பழைய பாதையில் 7 நிறுத்தங்களோடு புதிய எல்ஆர்டி, செலவு மாகாணத்துடையது, 2020 அளவில் ஓடவேண்டும். ஷெப்பேர்ட் வரை முதலில், பிறகு மால்வேர்ன். மால்வேர்னில் எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதைக் கொன்றது ஒரு பொய். எல்ஆர்டி என்றால் தெருவை அடைத்துக்கொண்டு ஓடுகிற ட்ராம், கார்க்காரருக்கு இடைஞ்சல் என்று மேயர் ரொப் ஃபோர்ட் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்காபரோவுக்குத் திட்டமிட்ட பாதை ஒரு தெருவையும் தொடவில்லை. ஆர்டியைப் போலவே தனிப்பாதை. வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும், வாக்களித்த கவுன்சிலர்களுக்கும் தெரியும். ஆனாலும் 2013 ஒக்டோபரில் 24க்கு 20 என்ற வாக்கில் நகரசபை எல்ஆர்டியைக் கைவிட்டு 3 நிறுத்த சப்வேயைத் தெரிவுசெய்தது. கவுன்சிலராக இருந்த டக் ஃபோர்டும் சப்வே பக்கம்தான். பிறகு அவர் மாகாண முதல்வர்.

இது கொன்சர்வேட்டிவ்காரரின் வேலை மட்டும் என்று நினைத்தால் அதுவும் பொய். அந்த ஓகஸ்ட் இடைத்தேர்தலில் ஸ்காபரோ-கில்ட்வூட்டை வெல்ல வின் அரசின் லிபரல்களும் சப்வேயைத்தான் தூக்கிப்பிடித்தார்கள். ஹார்ப்பர் 660 மில்லியன் தருவதாகச் சொன்னார். மிச்சத்துக்கு வீட்டுவரி ஏறியது. 2014இல் வந்த ஜோன் ரோறி 7 ஆண்டில் 22 நிலையங்கள் என்று ஸ்மார்ட்ட்ராக்கை விற்றார். 2021 வந்தது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. 2016இல் சப்வே ஒரே நிறுத்தமாகச் சுருங்கியது. 2019இல் டக் ஃபோர்ட் திரும்பவும் 3 ஆக்கி, 2029–30 என்றார். ஒவ்வொருவரும் ஒரு தவணை சொன்னார்கள், தவணை வரும்போது சொன்னவர் அந்தக் கதிரையில் இருக்கமாட்டார். ரயில் தடம்புரண்ட அன்று ஒலிவியா சௌ மேயராகி 12 நாள்தான்.

“சப்வே கேட்டது சனம்தானே?” என்று சிலர் கேட்பார்கள். உண்மை. எங்கட அம்மா அப்பாமாரும் கைதட்டினார்கள். டவுன்டவுனுக்கு ஒன்று, எங்களுக்கு வேறொன்றா என்ற கோபம் நியாயமான கோபம். அந்தக் கோபத்தை வாக்காக மாற்றியவர்கள் பிறகு அதையே கவசமாகப் பிடிக்கிறார்கள்: மக்கள் விரும்பினார்கள், நாங்கள் செய்தோம். ஆனால் எல்ஆர்டி தெருவில் ஓடும் என்று சனத்துக்குச் சொன்னது சனம் இல்லையே.

இலங்கையைப் பற்றிக் கதைக்கும்போது எங்களுக்கு ஆணையிட்டவரின் பெயர் வேணும். ஆணைக்குழு போட்டு இழுத்தடிப்பது என்ன என்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே 2023 நவம்பரில், பொருளாதாரச் சரிவு வழக்கில், கோத்தபாய, மஹிந்த, பசில் ராஜபக்ச உள்ளிட்டவர்கள் மக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்தார்கள் என்று கொழும்பு உயர் நீதிமன்றம் பெயர் சொல்லித் தீர்ப்பு எழுதியது. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவாகத் தலா ஒன்றரை இலட்சம் ரூபாய், அவ்வளவுதான். இரண்டும் ஒரே அளவு குற்றம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் அங்கே பெயராவது எழுத்தில் இருக்கிறது. ரொறன்ரோவில் மூன்று அரசாங்கமும் ஒன்றையொன்று கைகாட்ட, கடைசியில் குற்றவாளி ஒரு போல்ட்.

இங்கே நீதிமன்றம் தேவையில்லை. 2013 வாக்கெடுப்பில் ஆர் எப்படி வாக்களித்தார் என்பது நகரசபைப் பதிவுகளில் பகிரங்கமாக இருக்கிறது. அடுத்த இதழில் முழுப் பட்டியலையும், அவரவர் பிறகு எந்தப் பதவிக்குப் போனார் என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுவோம். 2026 ஒக்டோபர் 26 நகரசபைத் தேர்தல். தேடி எழுத நாலைந்து பேர் வேணும். மால்வேர்ன், மெக்கவன் பக்கம் பஸ்ஸில் வந்துபோற தோழர்கள் முதலில் பதில் போடுங்கோ.