சத்தத்தைக் கூட்டிய இடம்

வீடு மாற்றுவதற்காகப் பரணை ஒழித்தபோது அகப்பட்டது அந்த ரெக்கார்டு. 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவின் 'டூ ட்ரைப்ஸ்', 12 இஞ்ச் சிங்கிள், 'அனிஹிலேஷன்' மிக்ஸ். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது, 1984 கோடையில் வாங்கியது. அதன்மேல் ஊசி பட்டு முப்பது வருடமாவது இருக்கும்.

நாலு நிமிடப் பாட்டு அது. தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் அதை இந்தத் தட்டில் ஒன்பது நிமிடத்துக்கு வளர்த்திருந்தார். பெரிய தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்றால் வரிகளை நெருக்கிப் பதிக்க வேண்டியதில்லை. ஊசி தாராளமாக ஆடும். டிரம்ஸும் பேஸும் சின்னத் தட்டில் வராத கனத்தோடு வரும். பிரிட்டனில் ஒன்பது வாரம் அந்தப் பாட்டுதான் முதலிடம். எங்கள் அறைக்கு மேல்மாடியில் இருந்தவர் தரையை உதைப்பார். அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வோம்.

தட்டைத் துடைத்து ஊசியை வைத்தேன். விமானத் தாக்குதல் சைரன் அலறியது. பிறகு நடிகர் பாட்ரிக் ஆலனின் குரல். அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது என்று மக்களுக்குச் சொல்ல பிரிட்டிஷ் அரசு 'புரொடெக்ட் அண்ட் சர்வைவ்' என்று சில படங்களை எடுத்து வைத்திருந்தது. போர் நெருங்கினால் மட்டும் ஒளிபரப்புவதற்காக எடுத்தவை. அவற்றுக்குக் குரல் கொடுத்தவர் ஆலன். அவரையே கூட்டிவந்து, அதே தொனியில் பேசவைத்து, ஆட்டப் பாட்டுக்குள் கோத்துவிட்டார்கள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. பதுங்கிடத்தில் பாட்டி இறந்துபோனால் வெளியே வைத்துவிடலாம், ஆனால் முதலில் அடையாளச் சீட்டு கட்ட மறக்காதீர்கள் என்று ஓர் இடத்தில் சொல்வார், சமையல் குறிப்பு வாசிக்கிற நிதானத்தில். அந்த இடம் வந்ததும் யாராவது ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டுவார்கள். எல்லோரும் கூச்சலிட்டு ஆடுவோம். குண்டு எந்த நிமிடமும் விழலாம் என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். 22 வயதில் பயத்தை வேறு எப்படி வெளியேற்றுவது?

பேத்தி எட்டிப் பார்த்தாள். "யார் தாத்தா இந்த ஆள்? நியூஸா?"

"பாட்டுதான்மா."

அந்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் அவளுடைய பாட்டி போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தேன்.