பதுக்கலுக்குப் பெயர் முதலீடா?

மேஜிக்: த கேதரிங் என்ற விளையாட்டின் கார்டுகளை மொத்தமாக வாங்கிப் பூட்டி வைப்பவர்களால்தான் சந்தை உயிரோடிருக்கிறது, அதுவும் பங்கு முதலீடு போன்றதுதான் என்கிறார்கள் சிலர். ஒப்புக்கொள்ள முடியாது. பங்குக்குப் பின்னால் ஒரு தொழில் நடக்கிறது. கார்டுக்குப் பின்னால் ஆடுபவர் மட்டுமே இருக்கிறார்.

2024 செப்டம்பர் 23 அன்று கமாண்டர் என்ற ஆட்ட வகையில் மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ் உட்பட 4 கார்டுகளுக்குத் தடை வந்தது. விலை மளமளவென்று சரிந்தது. தடை விதித்த குழுவினருக்கு மிரட்டல்கள் குவிந்தன. ஒரே வாரத்தில் அவர்கள் பொறுப்பை, கார்டுகளை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆட்டம் நன்றாக இருக்கத்தானே விதியைத் திருத்தினார்கள்! அதற்கு மிரட்டலா? இதுதான் சந்தையை வாழவைக்கும் லட்சணமா?

இந்தக் கொதிப்பு புதிதல்ல. 1995-இல் பழைய கார்டுகளை மறுபடி அச்சிட்டதும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். மறுஆண்டே, சில கார்டுகளை இனி அச்சிடமாட்டோம் என்று நிறுவனம் பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்தது. வரத்து நின்ற சரக்கை வளைத்துப் போட்டு விலையேற்றுவது சுலபம். ஏற்றிய விலைக்கு வாங்க ஆள் வேண்டுமே; கடைக்காரரே அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். அந்தப் பட்டியலைக் கைவிட்டு, அதிலுள்ள இரட்டை நிலக் கார்டுகளைப் புதிதாக ஆட வருபவருக்கும் கட்டுப்படியாகும் விலையில் நிறுவனம் மறுபடி அச்சிட வேண்டும்.