இந்தியத் தொப்பி இல்லாத இருபது ஆண்டுகள்

ஹைதராபாத் கிரிக்கெட் என்றதும் அசாருதீன், லக்ஷ்மண், சிராஜ் என்று பெயர்கள் வந்து விழும். கன்வல்ஜித் சிங் என்ற பெயர் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆஃப் ஸ்பின்னரான அவர் 1980களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகள் ஹைதராபாத்துக்குப் பந்து வீசினார். முதல்தர ஆட்டங்களில் 369 விக்கெட் எடுத்தார். 1999-2000 பருவத்தில், நாற்பதைத் தாண்டிய வயதில், ஒரே ரஞ்சி பருவத்தில் 62 விக்கெட். லக்ஷ்மண் 1415 ரன் குவித்த பருவமும் அதுதான். இருவரும் சேர்ந்து அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார்கள். அங்கே மும்பையிடம் தோற்றது. கன்வல்ஜித் இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

‘திறமை இருந்தால் ஏன் எடுக்கவில்லை? அரசியல்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. தேர்வில் அரசியலே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவர் விஷயத்தில் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இவர் ஆட வந்தபோது இந்திய அணியின் ஆஃப் ஸ்பின்னர் சிவலால் யாதவ், அவரும் ஹைதராபாத்காரர். அவருக்குப் பின் வந்த அர்ஷத் அயூப்பும் ஹைதராபாத்காரர், அவரும் ஆஃப் ஸ்பின்னர். பிறகு கும்ப்ளே, வெங்கடபதி ராஜு, ராஜேஷ் சவுகான் மூவரும் சுழற்பந்து இடங்களை நிரப்பிவிட்டார்கள். ஒரு டெஸ்ட் அணியில் ஆஃப் ஸ்பின்னருக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே இடம். அது காலியாகும் ஆண்டில் நம் வயதும் ஃபார்மும் சேர்ந்து அமைய வேண்டும்.

மட்டையாளர்களுக்கும் இதே கதைதான். 1994இல் ஆந்திராவுக்கு எதிராக ஹைதராபாத் 6 விக்கெட்டுக்கு 944 ரன் எடுத்த ஆட்டத்தில் 366 அடித்தவர் எம்.வி. ஸ்ரீதர். 1986இல் நம் தமிழ்நாட்டுப் பந்துவீச்சையே எதிர்கொண்டு ஆட்டமிழக்காமல் 303 எடுத்தவர் அப்துல் அஸீம். இருவருக்கும் இந்திய அணியில் இடம் கிடைக்கவில்லை. இவர்களைத் தோற்றவர்கள் என்று எண்ணுவது பெரிய பிழை. லக்ஷ்மணைப் போன்றவர்கள் இந்தியாவுக்கு ஆடப் போய்விடும் மாதங்களில் ரஞ்சி அணியைத் தாங்கி நின்றவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். அடுத்து வந்த இளைஞர்கள் வலையில் எதிர்கொண்டு பழகியதும் இவர்களைத்தான்.

அப்போது இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றியது வேலை. ஸ்டேட் பேங்க் ஆஃப் ஹைதராபாத், ஆந்திரா பேங்க், தென் மத்திய ரயில்வே போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களை எடுத்து, உள்ளூர் லீக்கில் தங்கள் அணிக்கு ஆட வைத்தன. காலையில் ஆட்டம், மாதம் முடிந்தால் சம்பளம், கடைசியில் ஓய்வூதியம். அந்த வங்கிகளில் முதலாவது 2017இலும் இரண்டாவது 2020இலும் வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டன.

இப்போது சம்பளம் ஆட்டக் கட்டணமாக வருகிறது. 2021இல் கிரிக்கெட் வாரியம் நிர்ணயித்தபடி, 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு ஒரு நாளுக்கு 60,000 ரூபாய். 20 ஆட்டங்கள் வரை ஆடியவருக்கு 40,000. நான்கு நாள் ஆட்டத்துக்கு மூத்தவருக்கு 2.4 லட்சம். நல்ல தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் பதினோரு பேரில் இருந்தால்தான் அது முழுதாகக் கிடைக்கும். வெளியே உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி. அணியிலேயே எடுக்கப்படாதவருக்கு ஒன்றும் இல்லை. ஐ.பி.எல். ஏலத்தில் கேட்கும் கோடிகள் ரஞ்சி ஆட்டக்காரர்களில் சிலருக்கு மட்டுமே எட்டுபவை.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெலிந்தது என்பதை 2020-21 காட்டிவிட்டது. 1934இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பை முதன்முறையாக நடக்காமல் போனது. அதையே நம்பியிருந்தவர்களின் முக்கிய வருமானமும் நின்றது. வாரியம் பாதிக் கட்டணத்தை இழப்பீடாக அறிவித்தது 2021 செப்டம்பரில்தான். மாதச் சம்பளக்காரர் ஒருவர் அத்தனை மாதம் காத்திருப்பாரா?

அமெரிக்க பேஸ்பாலில் கீழ்நிலை லீக் ஆட்டக்காரர்களின் நிலை இதைவிட மோசமாக இருந்தது. 2022இல் அவர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது, சம்பளம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இங்கே 2019இல் உருவான இந்திய கிரிக்கெட்டர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருப்பவர்களுக்காகப் பேரம் பேச யாரும் இல்லை. வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தமும் இந்திய அணி வட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான். ரஞ்சி அணியில் நிலைத்துவிட்ட ஆட்டக்காரருக்கும் குறைந்தபட்சத் தொகையோடு ஓர் ஆண்டு ஒப்பந்தம் வேண்டும். காயம்பட்டுப் படுத்திருக்கும் பருவத்திலும் அது செல்ல வேண்டும். அதற்கான பணம் வாரியத்திடம் இருக்கிறது.