ஸ்காட்லாந்து பிரிந்தால் சிப்பாய் அநாதையாவாரா?

ஸ்காட்லாந்து தனி நாடானால் நூற்றாண்டுப் பெருமை கொண்ட ரெஜிமென்ட்டுகள் அழிந்துபோகும், சிப்பாய்களின் வேலையும் பென்ஷனும் போகும், வடக்குக் கடல் காவலின்றிக் கிடக்கும். 2014 செப்டம்பர் 18-இல் நடந்த வாக்கெடுப்புக்கு முன் பிரிட்டன் முழுக்க ஒலித்த பேச்சு இது. நேட்டோவின் முன்னாள் பொதுச்செயலாளர் ஜார்ஜ் ராபர்ட்சன், தானே ஸ்காட்லாந்துக்காரர், இந்தப் பிரிவு மேற்குலகுக்கே பேரழிவு என்று அமெரிக்காவில் போய்ப் பேசினார். ஏறத்தாழ 55-க்கு 45 என்ற கணக்கில் பிரிவினை தோற்றது. ஆனால் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. பிரிவதா, சேர்ந்திருப்பதா என்பதை ஸ்காட்லாந்து மக்கள் முடிவு செய்துகொள்ளட்டும். சிப்பாயின் பெயரைச் சொல்லி அவர்களை அச்சுறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ரெஜிமென்ட்டுகள். பிரிந்தால் அவை அழியும் என்கிறவர்கள், சேர்ந்திருந்தபோது என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2004 இலையுதிர் காலத்தில் பிளாக் வாட்ச் படையை ஈராக்கின் டாக்வுட் முகாமுக்கு அனுப்பினார்கள். 1739-இல் ரெஜிமென்ட்டாக உருவான படை அது. தொப்பியில் சிவப்புக் குஞ்சம் அணியும் உரிமைக்காகவே அதில் சேர்ந்த குடும்பங்கள் பெர்த்திலும் டண்டீயிலும் ஃபைஃபிலும் உண்டு. தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாக. நவம்பர் தொடக்கத்தில் ஒரே தற்கொலைத் தாக்குதலில் அந்தப் படையின் மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே லண்டனில் பாதுகாப்பு அமைச்சர் ஜெஃப் ஹூன் எழுந்து, ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டுகளை ஒன்றாக இணைக்கப் போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சவப்பெட்டிகளைச் சுமந்த ஊர்களுக்கு அந்த அறிவிப்பு எப்படி இருந்திருக்கும்! 2006 மார்ச்சில் ஆறு ரெஜிமென்ட்டுகள் ஒரே ரெஜிமென்ட்டாயின. 1633-இல் தொடங்கிய ராயல் ஸ்காட்ஸும் அதில் கரைந்தது. அதற்கு முன்பே 1968-இல், இன்னொரு படையோடு இணைவதைவிடக் கலைந்துபோவதே மேல் என்று கேமரோனியன்ஸ் படை கலைந்தது. ஆர்கைல் படையைக் காப்பாற்ற அந்தக் காலத்தில் பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அதுவும் இன்று எடின்பரோவில் சடங்குக் காவலுக்கு நிற்கும் ஒரு கம்பெனியாகச் சுருங்கிவிட்டது. இத்தனையும் ஒன்றுபட்ட பிரிட்டனின் கையெழுத்தில் நடந்தவை. பிரிந்தால் ரெஜிமென்ட்டுகள் கட்டாயம் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை; சிறிய படையில் அத்தனைக்கும் இடமிருக்காது. சேர்ந்திருப்பதுதான் அவற்றுக்குக் காப்பு என்பது மட்டும் பொய்.

அடுத்து, சிப்பாயின் பிழைப்பு. ஸ்காட்லாந்து அரசு 2013 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, யாரையும் கட்டாயப்படுத்தி இடம் மாற்றுவதில்லை, விரும்புகிறவர் வரலாம் என்றது. வெறும் வாக்குறுதிதானே என்று கேட்கலாம். வரலாறு இருக்கிறது. 1947-இல் கலவரத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தைப் பிரித்தார்கள். பத்து கூர்க்கா ரெஜிமென்ட்டுகளில் ஆறு இந்தியாவிடம் நின்றன, நான்கு பிரிட்டனுக்குப் போயின. நேபாளக் குடிமக்களான கூர்க்காக்கள் இன்றும் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருக்கிறார்கள். பிஜித் தீவுக்காரர்கள் இருக்கிறார்கள். அயர்லாந்துக் குடிமக்களும் இருக்கிறார்கள். அப்படியிருக்க, எடின்பரோ இளைஞனுக்கு மட்டும் அந்தப் படையின் கதவு ஏன் அடைபட வேண்டும்?

எதிர்த்தரப்பு உடனே 1922-ஐக் காட்டும். அயர்லாந்து பிரிந்ததும் தென்பகுதியின் ஐந்து காலாட்படை ரெஜிமென்ட்டுகள் கலைக்கப்பட்டன. அவற்றின் கொடிகளை வின்ட்சர் மாளிகையில் மன்னரிடம் ஒப்படைத்தார்கள். அது உண்மையான துயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் கலைத்தது லண்டன். செலவைக் குறைக்கும் அவசரமும் அதில் சேர்ந்திருந்தது. ஐரிஷ் கார்ட்ஸ் படையோ கலையவில்லை. இரண்டாம் உலகப்போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தபோதும் அங்கிருந்து பல்லாயிரம் பேர் பிரிட்டிஷ் படைகளில் சேர்ந்தார்கள். தங்கள் சொந்த ராணுவத்தை விட்டு ஓடி நேசநாடுகளின் பக்கம் போனவர்களே சுமார் 5,000 பேர். அவர்களுக்கு அயர்லாந்து 2013-இல்தான் மன்னிப்பு வழங்கியது. எல்லைக்கோடு மாறினாலும் சிப்பாய் தனக்கான பாதையைத் தேடிக்கொள்கிறான். அந்தப் பாதையைச் சட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் அரசுகளின் வேலை.

வடக்குக் கடலைச் சின்ன நாடு காக்க முடியாதாம். பெரிய நாடு எப்படிக் காத்தது? 2011 டிசம்பரில் ரஷ்யாவின் விமானந்தாங்கிக் கப்பல் குஸ்னெட்சோவ் ஸ்காட்லாந்தின் மோரே வளைகுடா அருகே நங்கூரமிட்டது. அதைக் கண்காணிக்கக் கிளம்பிய போர்க்கப்பல் ‘யார்க்’ தென்கோடியில் உள்ள போர்ட்ஸ்மவுத்தில் இருந்து வர வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டில்தான் நிம்ராட் கடல் ரோந்து விமானத் திட்டத்தை லண்டன் ரத்து செய்திருந்தது. கின்லாஸ் விமானத்தளமும் மூடப்பட்டது. அதன்பின் ஸ்காட்லாந்து கடற்பகுதியில் அந்நிய நீர்மூழ்கியைத் தேட நட்பு நாடுகளின் விமானங்களை அழைக்க நேர்ந்தது. 2020-இல் பொசைடன் விமானங்கள் வரும்வரை இந்தக் குறை நீங்கவில்லை. வெள்ளை அறிக்கை கேட்டது ஆண்டுக்கு 250 கோடி பவுண்டும், பத்தாண்டில் 15,000 முழுநேர வீரர்களும். ஸ்காட்லாந்தை ஒத்த மக்கள்தொகை கொண்ட நார்வேயும் டென்மார்க்கும் தங்கள் கடலைக் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்த இரு நாடுகளும் அமைதிக் காலத்தில் தங்கள் மண்ணில் அணு ஆயுதத்தை வைக்க விடுவதில்லை. இரண்டுமே நேட்டோவைத் தொடங்கிய நாடுகள். அணு ஆயுதம் வேண்டாம் என்றால் நேட்டோவில் இடமில்லை என்ற வாதத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை. எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பது மெய். ஆனால் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து என்று நீளும் கடல்வாசலில் ஓட்டை விழுவதை எந்த உறுப்பு நாடு விரும்பும்?

சிக்கலான முடிச்சு ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் கடற்படைத் தளம். டிரைடென்ட் ஏவுகணை ஏந்திய நான்கு நீர்மூழ்கிகளுக்கும் அதுதான் வீடு. மலைக்கு அப்பால் கூல்போர்ட்டில் அணுகுண்டுகள் இருக்கின்றன. 1969 முதல் பிரிட்டனின் அணு நீர்மூழ்கி ஒன்றாவது எப்போதும் கடலுக்கடியில் இருந்துவருகிறது. கூல்போர்ட்டைப் போல இன்னொன்றை இங்கிலாந்தில் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். சில ஆண்டுகளில் எல்லாம் வெளியேறிவிடும் என்று ஸ்காட்லாந்து தேசியக் கட்சி சொன்னது எனக்கும் நம்பத்தகுந்ததாகத் தெரியவில்லை. தளத்தை நம்பிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கவலையும் நியாயமானது. ஆனால் முடிச்சு கடினம் என்பதால் அவிழாது என்றாகிவிடாது. அயர்லாந்து பிரிந்த பிறகும் மூன்று துறைமுகங்களைப் பிரிட்டன் 1938 வரை வைத்திருந்து, பிறகு ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. பதினாறு ஆண்டுகள்.

கிளைட் நதிக்கரையின் கப்பல் பட்டறைகள் பற்றிய அச்சத்தில் பாதி உண்மை. லண்டன் தன் போர்க்கப்பல்களை வெளிநாட்டில் கட்டத் தயங்கும். ஆனால் 2025-இல் நார்வே அதே கிளைட் பட்டறைகளின் ஃபிரிகேட் கப்பல்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வேறொரு நாட்டில் கட்டிய போர்க்கப்பலை நார்வே வாங்கலாமென்றால் இங்கிலாந்தும் வாங்கலாம்.

இத்தனை பேச்சிலும் சிப்பாயை யாரும் கேட்கவில்லை. 2014-இல் வாக்குரிமை முகவரியைப் பொறுத்தே கிடைத்தது. இங்கிலாந்துப் படைமுகாம் முகவரியில் பதிவாகியிருந்த கிளாஸ்கோ சிப்பாயால் வாக்களிக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தில் பதிவாகியிருந்த இங்கிலாந்துச் சிப்பாய் வாக்களித்தார். இன்னொரு வாக்கெடுப்பு வருமானால் பென்ஷன், இடமாற்றம், எந்தப் படையில் தொடர்வது என்ற உரிமை ஆகிய மூன்றையும் இரு அரசுகளும் எழுதிக் கையெழுத்திட்டு ஒவ்வொரு சிப்பாயின் கையிலும் முதலில் கொடுக்கட்டும். பிரச்சாரத்தைப் பிறகு தொடங்கட்டும்.